காற்றுக்கும் கணக்கு உண்டு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றோடு போகும் பொருளுக்கே அளவு வேண்டும் என்றால், காற்றோடு போகும் பொருளுக்கு அளவு வேண்டாமா? இன்று உங்களோடு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அப்படிக் காற்றோடு போகும் ஒரு செல்வத்தைப் பற்றியே. தொழிற்சாலைகளில் காற்றை அழுத்திக் குழாய்களில் செலுத்தி, அதன் விசையால் பல கருவிகளை இயக்குகிறார்கள். இந்த வழக்கம் எவ்வாறு தோன்றியது, இதில் எவ்வளவு ஆற்றல் வீணாயிற்று, அந்த வீணை மனிதன் எவ்வாறு உணர்ந்து திருத்த முற்பட்டான் என்னும் வரலாற்றை மாணவ நண்பர்கள் அறிந்திருப்பது நன்று.

இதன் முதற்பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. 1970-களில் கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் தொழில் பழகுநனாக இருந்தேன். மின்வெட்டு மிகுந்திருந்த காலம் அது. போதிய மின்சாரம் கிடைக்காமல் ஆலையில் ஒரு ஷிப்டையே நிறுத்தியிருந்தார்கள். அந்த ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் கூலியின்றி வீட்டில் இருந்தனர். ஒரு வாராந்திர விடுமுறை நாளில், முதிய பிட்டர் ஒருவருக்குத் துணையாக நான் ஆலைக்குள் சென்றேன். நூற்பு யந்திரங்கள் யாவும் உறங்கிக்கிடந்தன. ஆனால் கொட்டகையில் இருந்த காற்றை அழுத்தும் யந்திரம் மட்டும் சிறிது நேரம் உழைப்பதும், சிறிது நேரம் ஓய்வதும், மீண்டும் உழைப்பதுமாக இருந்தது. ஆலைத் தொழிலாளர் அதனைக் கம்ப்ரஸர் என்பர். நாமும் அப்பெயராலேயே வழங்குவோம்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, ஆலையில் ஓர் ஆள் இல்லை, ஒரு மிஷின் ஓடவில்லை. இந்தக் கம்ப்ரஸர் யாருக்காக ஓடுகிறது?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. என் கையைப் பிடித்துக் குழாய்வரிசையின் ஓரமாக அழைத்துச் சென்றார். யந்திர ஓசை இல்லாத அந்த அமைதியில், மூட்டுக்கு மூட்டு நாகம் சீறுவதைப் போன்ற ஒலி கேட்டது. “ஓட்டைக்காக ஓடுகிறது. ஆள் வேலை செய்யக் கரண்ட் இல்லை, ஓட்டைக்கு மட்டும் இருக்கிறது” என்றார். அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவே இல்லை. காற்று வீணாவதை நாம் ஏன் இவ்வளவு எளிதாகப் பொறுத்துக்கொள்கிறோம்? அதற்கு விடை தேடி நான் படித்தவற்றையே இப்போது சொல்லப்போகிறேன்.

காற்றை அழுத்திப் பயன்படுத்துவது மனிதனுக்குப் புதிதன்று. கொல்லன் உலைக்களத்துத் துருத்தி அதன் தொன்மையான வடிவம். ஆனால் காற்றை ஓரிடத்தில் அழுத்தி, தொலைவில் உள்ள மற்றோரிடத்திற்கு அனுப்பி, அங்கே அதனைக் கொண்டு கடினமான வேலை வாங்கலாம் என்பதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் ஆல்ப்ஸ் மலை.

பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ஒரு ரயில் சுரங்கப்பாதை அமைக்கும் பணி 1857-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மோன் செனி சுரங்கம் என்று அதனை அழைப்பர். நீளம் 12 கிலோமீட்டருக்கும் மேல். மேலே மலை மிக உயர்ந்து நின்றதால், இடையிடையே கிணறு தோண்டிக் காற்றும் வெளிச்சமும் இறக்க வழியில்லை. இரு முனைகளிலிருந்து மட்டுமே குடைந்து செல்லவேண்டும். கையால் உளி அடித்துச் சென்றால் இருபத்தைந்து ஆண்டுகள் ஆகலாம் என்று மதிப்பிட்டனர். நீராவி யந்திரத்தை உள்ளே கொண்டுசென்றால் புகையால் மூச்சு முட்டும்.

அப்போது ஜெர்மேன் சோமெய்யே என்னும் பொறியாளர் ஒரு வழி கண்டார். மலையருவியின் வீழ்ச்சியைக் கொண்டு சுரங்கத்தின் வெளியே காற்றை அழுத்தினார். அதனைக் குழாய்வழியே உள்ளே அனுப்பி, பாறையைத் துளைக்கும் கருவிகளை இயக்கினார். 1861-இல் இக்கருவிகள் வேலையைத் தொடங்கின. 1870 டிசம்பரில் இரு புறத்தாரும் மலைக்குள்ளே சந்தித்தனர். 1871 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது. திறப்பு விழாவைக் காணச் சோமெய்யே உயிருடன் இல்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துளைக்கும் கருவியிலிருந்து வெளிப்பட்ட காற்று அங்கே வீணாகவில்லை. மலையின் வயிற்றுக்குள் வேலை செய்தவர்களுக்கு அதுவே மூச்சுக்காற்றாயிற்று. குழாயில் ஒரு கசிவு இருந்தால்கூட, அது பக்கத்தில் நின்றவனுக்கு ஆறுதலே அளித்தது. அருவி நீருக்கு விலையும் இல்லை. எனவே காற்றைக் கணக்கிட்டுச் செலவழிக்கவேண்டிய கட்டாயம் அன்று மிகுதியாக இல்லை. இந்தப் பழக்கம் சுரங்கத்தோடு நின்றிருந்தால் குற்றமில்லை. அது தரைக்கு மேலே ஏறிவந்து, ஆலைகளிலும் குடிபுகுந்ததுதான் பிற்காலத்துத் தொல்லை.

அடுத்துத் தோன்றியது சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்டு சுரங்கம். 1872-இல் தொடங்கி 1882-இல் ரயில் ஓடத் தொடங்கிய இச்சுரங்கத்தின் நீளம் சுமார் 15 கிலோமீட்டர். உள்ளே வெப்பமும் புகையும் தாங்கமுடியாத அளவு இருந்தன, மூச்சுக்காற்று போதவில்லை. 1875-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சுரங்கப் பணியை ஒப்புக்கொண்ட லூயி ஃபாவ்ரே என்பவரும் 1879-இல் அச்சுரங்கத்திற்குள்ளேயே உயிர்நீத்தார். காற்று என்பது அங்கே உயிர்ப் பொருளாக இருந்தது. அந்தக் காற்றை அழுத்தும் முறையில் ஒரு முக்கியமான சீர்திருத்தம் நிகழ்ந்ததும் அங்கேதான்.

அதனைப் புரிந்துகொள்ளச் சற்றே பௌதிகம் தேவை. சைக்கிள் பம்பால் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிய முயன்று நம்மை எதிர்த்துத் தள்ளுகிறது. அதனை மேலும் அழுத்த அதிக வேலை தேவைப்படுகிறது. ஒரு கன மீட்டர் சாதாரணக் காற்றை எட்டு வளிமண்டல அழுத்தத்திற்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொள்வோம். சூடு சிறிதும் வெளியேறாவிட்டால் அதற்கு ஏறக்குறைய 284 கிலோஜூல் வேலை தேவை. காற்றின் வெப்பநிலையும் 270 பாகை சென்டிகிரேடு வரை ஏறிவிடும். சூட்டை அவ்வப்போதே நீக்கிக்கொண்டு அழுத்தினால் 208 கிலோஜூல் போதும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் சூட்டுக்குச் செய்த செலவு. அந்தச் சூடோ, காற்று குழாயில் நெடுந்தூரம் செல்வதற்குள் ஆறிப்போய்விடுகிறது.

கோட்ஹார்டு சுரங்கத்தில் ஜெனீவா நகரத்துப் பேராசிரியர் கொலாடோன் என்பவர், காற்றை அழுத்தும் உருளைக்குள்ளேயே நீரைத் தூறலாகத் தெளித்து அச்சூட்டைத் தணித்தார். பின்வந்தவர்கள் மற்றொரு முறையைக் கைக்கொண்டனர். ஒரே மூச்சில் அழுத்தாமல், முதலில் பாதியளவு அழுத்தி, காற்றைக் குளிரவைத்து, மறுபடியும் அழுத்தினர். முன் சொன்ன உதாரணத்தில், இரண்டு கட்டமாக அழுத்தினால் தேவைப்படும் வேலை 284-லிருந்து ஏறக்குறைய 242 கிலோஜூலாகக் குறைகிறது. ஓர் இடைநிறுத்தமும் சிறிது குளிர்நீரும் ஏழில் ஒரு பங்கைச் சேமித்துத் தந்துவிட்டன! காற்றுச் சிக்கனத்தின் முதல் அத்தியாயம் இதுவே எனலாம்.

இனிப் பாரிஸ் நகருக்குச் செல்வோம். 1880-ஆம் ஆண்டில் அந்நகரில் விக்டர் பாப் என்பவர் ஒரு புதுமையை நிகழ்த்தினார். ஒரு நிலையத்தில் காற்றை அழுத்தி, தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு காற்றுத் துடிப்பை அனுப்பினார். அந்தத் துடிப்பால் நகரத்துக் கடிகாரங்களின் முட்கள் ஒருசேர நகர்ந்தன. கடிகாரத்திற்கு வந்த காற்று விரைவிலேயே பட்டறைகளுக்கும் வந்தது. வாடிக்கையாளர் காற்றை விலைகொடுத்து வாங்கிச் சிறு யந்திரங்களை ஓட்டினர்.

விலைபேசி விற்கும் பொருளாகிவிட்டால் கணக்கும் கூடவே வந்துவிடும் அல்லவா? 1889-இல் இங்கிலாந்துப் பொறியியல் அறிஞர் அலெக்சாண்டர் கென்னடி பாரிஸுக்குச் சென்று இந்த அமைப்பைச் சோதித்தார். நிலையத்தில் செலவான ஆற்றலில் எவ்வளவு வாடிக்கையாளரின் யந்திரத்தில் வந்துசேர்கிறது என்று அளந்தார். குளிர்ந்த காற்றை அப்படியே பயன்படுத்தினால் பாதிகூடத் திரும்பவில்லை. யந்திரத்திற்குள் நுழையும் முன் சிறு அடுப்பினால் காற்றைச் சூடேற்றினால் பயன் கூடிற்று. வழியில் இழந்த சூட்டை வாசலில் திருப்பிக் கொடுத்ததன் பலன் அது. மற்றவர்கள் வியந்து நின்ற இடத்தில் அளந்து பார்த்த கென்னடியின் செயலே என் உள்ளத்தைக் கவர்ந்தது. பாரிஸின் அந்தக் காற்றுக்குழாய் அமைப்பு நூற்றாண்டைக் கடந்து நீடித்து, 1994-இல்தான் நிறுத்தப்பட்டது.

அக்காலத்தில் காற்றுக்கு ஒரு பெரும் போட்டி எழுந்தது. அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சியின் ஆற்றலைத் தொலைவுக்கு அனுப்ப எது சிறந்த வழி என்று ஆராய, 1890-இல் லண்டனில் ஓர் ஆணைக்குழு கூடிற்று. பௌதிக மேதை வில்லியம் தாம்சன் அதற்குத் தலைவர். மின்சாரத்தோடு அழுத்திய காற்றும் அங்கே போட்டியிட்டது. பின்னர் 1893-இல் நயாகராவுக்கு மாறுதிசை மின்சாரமே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1896-இல் பஃபலோ நகருக்கு அம்மின்சாரம் சென்று சேர்ந்தது. தொலைதூரம் ஆற்றலைக் கொண்டுசெல்லும் தொழிலில் காற்று தோற்றது. ஆனால் சுரங்கத்திற்குள்ளும் ஆலைக்குள்ளும் கருவிகளை இயக்கும் தொழிலில் அது நிலைத்து நின்றது. இலேசான கருவி, தீப்பொறி அச்சமின்மை, ஈரத்தில் அஞ்சாமை ஆகிய குணங்கள் அதனைக் காப்பாற்றின.

இக்காட்சியை நம் பக்கத்திலேயே காணலாம். திவான் சேஷாத்ரி ஐயர் மைசூர் அரசில் முனைந்து தொடங்கிவைத்த சிவசமுத்திரம் நீர்மின் திட்டத்தின் மின்சாரம், 1902-இல் சுமார் 92 மைல் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கத்தைச் சென்றடைந்தது. காவிரியின் ஆற்றல் மின்சாரமாக வந்தது. ஆனால் பூமிக்கடியில் பாறையைத் துளைத்தது அழுத்திய காற்று. அந்தத் துளைக்கருவிகளைப் பிடித்து உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய நம் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே கொதிக்கும் இடத்தில், கருவியிலிருந்து வெளிவரும் குளிர்ந்த காற்று முகத்தில் படுவது அவர்களுக்கு எத்தகைய சுகமாக இருந்திருக்கும்! அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

வீண் செலவின்றிக் காற்றை அழுத்த முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்குக் கனடா நாட்டில் ஒரு சாட்சி உண்டு. சார்லஸ் டெய்லர் என்பவர் வகுத்த முறைப்படி, 1910-இல் ஒண்டாரியோ மாகாணத்துக் கோபால்ட் சுரங்கங்களுக்காக ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. அங்கே ஆற்று நீர் காற்றுக் குமிழிகளை இழுத்துக்கொண்டு நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான ஒரு குழியில் விழுகிறது. ஆழத்தில் நீரின் எடையே குமிழிகளை அழுத்துகிறது. சுற்றிலும் நீர் இருப்பதால் எழும் சூடு அக்கணமே தணிந்துவிடுகிறது. அடியிலுள்ள அறையில் காற்று பிரிந்து குழாயில் ஏறுகிறது. உந்துதண்டு இல்லை, உருளை இல்லை. தேய்வும் மிகக் குறைவு. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அது உழைத்தது. கொலாடோன் தூறலால் செய்ய முயன்றதை ஓர் ஆறே முழுமையாகச் செய்துகாட்டிற்று.

ஆனால் எல்லா ஊரிலும் அருவி இல்லை. ஆலைகளில் மின்சாரத்தால் ஓடும் கம்ப்ரஸர்களே பெருகின. முன்னும் பின்னும் ஓடும் உந்துதண்டு வகைக்கு அடுத்தபடியாக, 1930-களில் சுவீடன் நாட்டு ஆல்ஃப் லீஸ்ஹோல்ம் உருவாக்கிய திருகு வகை பிற்காலத்தில் பரவிற்று. யந்திரம் சீர்பட்டது, பழக்கம் மட்டும் சீர்படவில்லை. சுரங்கத்தில் கசிந்த காற்று மூச்சாயிற்று. ஆலையில் கசியும் காற்று யாருக்கும் எதுவும் ஆவதில்லை. ஆயினும், “காற்றுதானே!” என்னும் அலட்சியம் தொடர்ந்தது. எண்ணெய் சிந்தினால் தரை வழுக்கும்; நீர் கசிந்தால் சுவர் நனையும்; நீராவி வெளியேறினால் வெண்புகை தெரியும். காற்றின் கசிவை மட்டும் கண் காணாது. ஆலை ஓசையில் காதும் கேளாது.

அதன் கணக்கைக் கேளுங்கள். ஏழு வளிமண்டல அழுத்தமுள்ள குழாயில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால், வினாடிக்குச் சுமார் பத்து லிட்டர் காற்று வெளியேறும். அதனை ஈடுசெய்யக் கம்ப்ரஸருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாட் மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஆலை ஓடினால், அந்த ஒரே துளை விழுங்குவது சுமார் 28,000 யூனிட். பராமரிப்பில்லாத ஆலைகளில் கம்ப்ரஸர் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கசிவிலேயே போவது அரிதன்று.

இதில் ஒரு தீய சுழலும் உண்டு. கசிவினால் குழாயின் கடைக்கோடியில் அழுத்தம் குறைகிறது. அங்குள்ளவர் குறை சொல்கிறார். உடனே கம்ப்ரஸரில் அழுத்தத்தை உயர்த்துகிறார்கள். ஒரு வளிமண்டலம் உயர்த்தினால் மின்செலவு நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு கூடுகிறது. உயர்ந்த அழுத்தத்தில் ஓட்டைகளோ முன்னிலும் அதிகமாகக் குடிக்கின்றன. மறுபடியும் குறை, மறுபடியும் உயர்வு! கம்ப்ரஸர் உட்கொள்ளும் காற்று வெப்பமாக இருந்தாலும் நஷ்டமே. நான்கு பாகை வெப்பம் கூடினால் செலவும் நூற்றுக்கு ஒரு பங்கு கூடும். ஆகவேதான் காற்றை வெப்பமான கொட்டகைக்குள்ளிருந்து எடுக்காமல், வெளியே நிழலிலிருந்து எடுக்கவேண்டும் என்கிறோம்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு விந்தையைச் சொல்கிறேன். அழுத்திக் குளிரவைத்த காற்றின் உள்ளாற்றல், அழுத்துவதற்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய சிறிதும் கூடியிருப்பதில்லை. அப்படியானால் நாம் கொடுத்த மின்சாரம் எங்கே? அநேகமாக முழுவதும் சூடாகக் குளிர்நீரிலும் வெளிக்காற்றிலும் கலந்துவிட்டது. காற்றுக்குக் கூடியது வேலை செய்யும் திறம் மட்டுமே. எல்லா இழப்பும் போக, கருவியின் முனையில் கிடைப்பது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு. ஆகையால் கம்ப்ரஸரின் சூட்டைக் கொதிகலனுக்குப் போகும் நீரைச் சூடாக்கவும், ஈரப் பொருள்களை உலர்த்தவும் பயன்படுத்துவது அறிவுடைமை. துடைப்பமும் மின்விசிறியும் செய்யக்கூடிய வேலைக்கு அழுத்திய காற்றை ஏவுவது அறிவுடைமையன்று.

இவ்விரயத்தை நாடுகள் உணரச் சிறிது காலமாயிற்று. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது உலகமே சிக்கனத்தைப் பற்றி எண்ணத் தொடங்கிற்று. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியத்திற்காக வெளிவந்த ஓர் ஆய்வு, அங்குள்ள தொழில்களின் மின்செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு காற்றை அழுத்துவதற்கே போகிறது என்றும், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கட்டுப்படியாகும் செலவிலேயே சேமிக்கலாம் என்றும் காட்டிற்று. சேமிப்பு வழிகளில் முதன்மையாக அது கண்டது கசிவை அடைப்பதையே. நம் நாட்டிலும் அதே 2001-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது; 2002-இல் அதற்கென மத்திய அரசின் தனி நிறுவனம் ஏற்பட்டது. ஆலைகளின் ஆற்றல் செலவைத் தணிக்கை செய்வோருக்குத் தேர்வும் ஏற்பட்டது. அவர்கள் கற்கும் பாடங்களில் கம்ப்ரஸரும் ஒன்று.

அந்தப் பாடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. ஆலையின் யந்திரங்கள் யாவும் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட்டவேண்டும். அது எவ்வளவு நேரம் சுமையோடு உழைக்கிறது, எவ்வளவு நேரம் சுமையின்றி ஓய்கிறது என்று கடிகாரத்தால் குறிக்கவேண்டும். உதாரணமாக, பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் சுமையோடு உழைத்தால், அதன் திறனில் நூற்றுக்கு முப்பது பங்கு ஓட்டைக்குப் போகிறது என்று பொருள். இதனைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது; கண்ணும் கலங்கிற்று. விடுமுறை நாளில் அந்த முதிய பிட்டர் என்னைக் கேட்ட கேள்வியே அல்லவா இது?

அன்று அவர் கேள்வியோடு நிற்கவில்லை. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரும், ஒரு தூரிகையும், சிறிது சாக்கட்டியும் எடுத்துக்கொண்டார். மூட்டுதோறும் நுரையைத் தடவினோம். நுரை குமிழிட்ட இடத்தில் சாக்கட்டியால் வட்டமிட்டோம். மாலைக்குள் குழாய்வரிசை முழுவதும் வெள்ளை வட்டங்கள். அடுத்து வந்த விடுமுறை நாள்களில் ஒவ்வொன்றாக இறுக்கினோம், வாஷர் மாற்றினோம், பயனற்றுக் கிடந்த கிளைக்குழாய்களை அடைத்தோம். கம்ப்ரஸர் ஓயும் நேரம் வாரந்தோறும் நீண்டது. நிறுத்தப்பட்ட ஷிப்டை அதனால் மட்டும் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் சில யந்திரங்களைக் கூடுதலாக ஓட்ட முடிந்தது. சிலர் வேலைக்குத் திரும்பினர். அவர்களுக்குக் கிடைத்த கூலி எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மாணவ நண்பர்களே, இன்று செவிக்கு எட்டாத ஒலியையும் பிடிக்கும் கருவிகள் கசிவைக் கண்டுபிடிக்கின்றன. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஸர்களும் வந்துள்ளன. கோவை நகரமே கம்ப்ரஸர் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறது. இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆயினும் கொலாடோனின் தூறலும், கென்னடியின் அளவையும், பெயர் சொல்லாமல் நான் விட்ட அந்தப் பிட்டரின் சாக்கட்டியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. இயற்கை தரும் காற்றுக்கு விலை இல்லை. அதனை அழுத்தியவன் உழைப்புக்கு விலை உண்டு. நாளை நீங்கள் ஏதேனும் ஓர் ஆலையில் பொறுப்பேற்கும்போது, ஒரு விடுமுறை நாளில் தனியே உள்ளே செல்லுங்கள். சற்று நேரம் பேசாமல் நின்று கேளுங்கள். கம்ப்ரஸர் யாருக்காக ஓடுகிறது என்பது உங்களுக்கே புலப்படும்.